நத்தைக்குத் தீனி போட்டது யார்?

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதி ஆரம்பிப்பதுதான் முறை. அத்தை நலம், நம் குட்டி நலம், நானும் உடம்பளவில் நலம். நலமாக இல்லாதது நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன மீன் தொட்டி. அதைவிட மோசமாக இருப்பது என் மனநிலை. இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். செய்தியாக அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. ஒரு கட்டைவிரலோடு எத்தனை காலம் குடும்பம் நடத்துவது? அதனால்தான் காகிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள். உங்கள் அறைத்தோழர் விடுமுறை முடிந்து திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நத்தை விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், "தொட்டி மொட்டையா இருக்கு" என்று ஒரு கட்டு நீர்ச்செடி வாங்கி வந்து நட்டீர்களே, அந்த இலைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்தவை அவை. முதலில் ஒன்று தெரிந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. குட்டி கைதட்டினாள். அத்தைகூட, "வாயில்லாத ஜீவன், அது பாட்டுக்கு ஒரு மூலைல இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அது ஒரு மூலையில் இருக்கவில்லை. இன்றைக்கு நாலு பக்கக் கண்ணாடியிலும் யாரோ மிளகை வாரித் தூவின மாதிரி இருக்கிறது. இலைக்கு அடியில் பசை போல முட்டைக் கொத்து. வழித்தெடுத்தால் அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொன்று. இந்த ஜாதி நத்தைக்கு ஜோடிகூட வேண்டாமாம், ஒன்றே தனியாகக் குடும்பம் பெருக்குமாம். கணவன் வரும் நாளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கொடுத்து வைத்த ஜென்மம்.

உங்களுக்குத் தெரியும், மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீடு வந்தால் என் காலிரண்டும் என் பேச்சைக் கேட்காது. முன்பெல்லாம் வந்ததும் ஒரு டம்ளர் டீயோடு உட்காருவேன். இப்போது வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை விடுகிறேன். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி ராத்திரி உள்ளே போட்டு வைத்தால் நத்தைகள் வந்து மொய்த்துக்கொள்ளும், காலையில் அப்படியே எடுத்து வெளியே போட்டுவிடலாம் என்று படித்தேன். செய்தேன். வட்டம் தெரியாத அளவுக்கு நத்தை. எடுத்துக் குப்பையில் போடப் போனால் குட்டி அழுகிறாள். "அம்மா, அதுங்க என்னம்மா தப்பு பண்ணிச்சு?" என்று கேட்கிறாள். கொஞ்சத்தை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். அதைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் ஆளுக்கு ரெண்டாக விநியோகம் செய்துவிட்டாள். டீச்சர் போன் செய்து, "மேடம், உங்க பொண்ணு ரொம்ப தாராளம்" என்றார். பாராட்டா திட்டா என்று தெரியாமல் நன்றி சொல்லி வைத்தேன்.

தொட்டி விற்கிற கடைக்காரரிடம் போனேன். அவர் கையில் எப்போதும் ஒரு தீர்வு இருக்கிறது, அதற்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது. முதலில் நத்தை தின்கிற நத்தை என்று கோடு போட்ட நாலு நத்தைகளைக் கொடுத்தார். அவை சாப்பிடுகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விருந்துக்கு வந்த பெரிய மனிதர்கள் மாதிரி நிதானமாக, ஒவ்வொன்றாகச் சாப்பிடுகின்றன. மறுபடி போனால் நத்தை மருந்து என்று ஒரு நீலப் பாட்டிலை நீட்டினார். அட்டையைத் திருப்பிப் படித்தேன். செம்பு கலந்தது. என்னிடமே மருந்து விற்கப் பார்க்கிறார். கொஞ்சம் கூடிப்போனால் மீனுக்கே ஆபத்து. அளவு சரியாகவே இருந்தாலும், அத்தனை நத்தையும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் தண்ணீர் என்ன ஆகும்? பாட்டிலை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "மேடம், நத்தை சும்மா பெருகாது. மிச்சத் தீனி விழுந்தா அதைத் தின்னு பெருகும். தொட்டியில தீனி அதிகமா விழுது, அதைப் பாருங்க முதல்ல." அதுதான் எனக்குப் புரியவில்லை. மூடியின் மேல் தானாகத் தீனி போடுகிற பெட்டியை நீங்கள்தானே மாட்டினீர்கள். காலையிலும் மாலையிலும் கிர்ரென்று ஒரு சுற்று சுற்றும், ஒரு சிட்டிகை விழும், நீ கையே வைக்க வேண்டாம் என்றீர்கள். பக்கத்து அலமாரியின் மேல் அங்கேயும் இங்கேயும் திரும்புகிற அந்தக் கேமராவையும் வைத்து, "அங்கேயிருந்தே மீனைப் பாத்துக்குவேன்" என்றீர்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த நத்தைக் கூட்டம் உங்கள் கண்ணில் படவில்லையா? பெட்டியில் நிரப்பின தீனி அடுத்த வாரமே காலியாகிவிடுகிறது. பெட்டி கெட்டுவிட்டதா? ஏசி இயந்திரத்தையெல்லாம் பிரித்து மாட்டுகிற ஆள் நீங்கள், இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. விடுமுறை என்னவாயிற்று? மழைக்காலம் முடிந்ததும் என்றீர்கள், முடிந்துவிட்டது. பள்ளிப் பரீட்சைக்கு முன்னால் என்றீர்கள், பரீட்சையும் வந்துவிட்டது. கேட்டால் "பிறகு சொல்றேன்" என்கிறீர்கள். எனக்குப் பிறகு என்ற சொல்லே பிடிக்காமல் போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நத்தை பொறுக்கிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி

* * *

வீட்டுக்காரருக்கு,

முன்னால் 'அன்புள்ள' என்று எழுதாதது மறதியால் அல்ல.

கடிதம் கிடைத்ததும் போன் செய்தீர்கள், சந்தோஷம். ஆனால் நான் கேட்டது இரண்டு கேள்வி. நீங்கள் பதில் சொன்னது ஒன்றுக்கு. "பெட்டி நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வேளைதான் சுத்தும், நான்தானே அமைச்சு வச்சேன். அம்மா ஏதாச்சும் போடறாங்களோ என்னமோ, கொஞ்சம் பாரு. வயசாயிடுச்சு, திட்டாதே" என்றீர்கள். விடுமுறையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்போது எனக்கு நீங்கள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அத்தைக்கு யார் வீட்டு வாசலில் எந்த ஜீவன் நின்றாலும் அதற்கு ஏதாவது போட வேண்டும். ஜன்னல் விளிம்பில் காக்கைக்குப் பிஸ்கட் தூளை வைக்கிறவர். பகல் முழுக்க வீட்டில் இருப்பவரும் அவர்தான். அடிக்கடி தொட்டிக்கு முன்னால் போய் நிற்கிறார் என்று குட்டியும் சொன்னாள். நான் அத்தையிடம் நல்லபடியாகத்தான் கேட்டேன். "நான் கை வைக்கலம்மா. அந்தப் பெட்டி அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கு. சத்தம் கேட்டா போய்ப் பாப்பேன், அவ்வளவுதான்" என்றார். இரண்டு வேளைதான் சுற்றும் அத்தை, உங்கள் பிள்ளையே சொல்லிவிட்டார் என்றேன். "அவனா சொன்னான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

போன வாரம் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டாருக்குள் நத்தை புகுந்து அது நின்றுவிட்டது. நான் கடையிலிருந்து வருவதற்குள் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. ஒரே நாற்றம். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தப் பெரிய ஆரஞ்சு மீன், நீங்கள் குட்டி கையில் கொடுத்து அவள் கையாலேயே தொட்டியில் விடச் சொன்னீர்களே, அது செத்து மிதந்தது. அதன்மேல் நத்தைகள் ஏறியிருந்தன. குட்டி அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அப்பா வந்து கேட்டா என்னம்மா சொல்றது?" என்று ஒரே அழுகை. பாதித் தண்ணீரை இறைத்து, அடியில் இருக்கிற கல்லுக்குள் குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சினேன். பார்த்தால் பாதிக்குப் பாதி ஊறிப்போன தீனி. தின்னப்படாத தீனி, சாணி மாதிரி அடியில் படிந்திருக்கிறது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கடையிலிருந்து எப்போதும் கைப்பையில் கிடக்கிற பிளாஸ்திரியை எடுத்தேன். காயத்துக்கு ஒட்டுகிற அதே வெள்ளைப் பிளாஸ்திரி. பெட்டியின் மூடியைச் சுற்றி வரிசையாக ஒட்டினேன். அத்தை கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒட்டி முடித்ததும் கேட்டார். "திருட்டுப் பூனைக்குப் பயந்து மூடி வைக்கற மாதிரி எனக்கு ஒட்டறியா?" நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இனிமேல் ஒரு மீன் செத்தால் குட்டிக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் அத்தை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அவருடைய பை வாசலில் இருந்தது. நாத்தனார் வந்து அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது குட்டி பள்ளி விட்டதும் நேராக என் கடைக்கு வருகிறாள். பின்பக்கம் சரக்கு அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். முதலாளி முகத்தைச் சுளிக்கிறார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. எத்தனை நாளைக்கு?

உங்கள் அறைத்தோழரின் மனைவி நேற்று மாத்திரை வாங்க வந்தாள். பேச்சுவாக்கில் ஏதோ சொன்னாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றாள், இன்னும் இரண்டு வருடம் என்றாள், உங்களுக்குத் தெரியாதா அக்கா என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். உங்கள் வாயால் கேட்கக் காத்திருக்கிறேன்.

அத்தையை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். மகன் குரல் கேட்டால் மனசு ஆறும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

* * *

என் அத்தை பெற்ற பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வந்து சேர நேரமில்லை, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கைபேசிக்கு அனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள். முழுக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

அத்தை போன பிறகு வீட்டில் காலை முதல் சாயங்காலம்வரை ஈ காக்கை கிடையாது. நானும் குட்டியும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்புகிறோம். பூட்டின வீடு. நான் ஒட்டின பிளாஸ்திரி ஒட்டினபடியே இருக்கிறது, ஓரம்கூடப் பிரியவில்லை. ஆனால் பெட்டியில் தீனி முன்னைவிட வேகமாகக் குறைகிறது. நத்தை முன்னைவிட அதிகம். ஒட்டடை அடிக்கிற மாதிரி தினமும் கண்ணாடியைத் துடைத்தேன். பெட்டி பழுதாகிவிட்டது, நீங்கள் சொல்வது தப்பு என்று நினைத்தேன். அதற்கு மேல் என் புத்தி போகவில்லை. போயிருக்க வேண்டும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். குட்டியைப் பள்ளியில் விட்டுவிட்டு, கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, கூடத்து சோபாவில் போர்த்திக்கொண்டு படுத்தேன். கண் அயர்ந்தபோது கிர்ரென்று சத்தம். பெட்டி சுற்றுகிறது. அது சுற்றுகிற நேரம் இல்லை. படுத்தபடியே பார்த்தேன். தீனி விழுந்தது, மீன்கள் முன்பக்கம் ஓடி வந்தன. சரி, பழுதுதான் என்று கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கிர். அப்புறம் மறுபடி. பூட்டின வீட்டில் யாரோ திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுகிற மாதிரி.

நான் எழுந்திருக்கவில்லை. அலமாரி மேலே இருந்த கேமராவைப் பார்த்தேன். அது தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பியது. சாப்பாட்டு மேஜையைப் பார்த்தது. வாசல் கதவைப் பார்த்தது. அத்தை உட்காருகிற நாற்காலியைப் பார்த்தது, அங்கே கொஞ்சம் நின்றது. அதற்குப் பிறகு சோபா பக்கம் வந்தது. நான் இருந்தேன். போர்வையும் கலைந்த தலையுமாக நேராக அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இல்லை என்று சொல்லாதீர்கள். பிறகு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மீனைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

காய்ச்சலில் கிடக்கிற பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு மீனைப் பார்க்கத் திரும்புகிற மனுஷனை என்ன சொல்வது? போன் வரும் என்று சாயங்காலம்வரை கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக விளங்கியது. அங்கே உங்கள் கைபேசியில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் இங்கே பெட்டி சுற்றுகிறது. சத்தம் கேட்டால் குட்டி எங்கே இருந்தாலும் ஓடி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வாள். அத்தை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்பார். பக்கத்து அலமாரியிலிருந்து அவர்கள் முகம் நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் கேமராவை எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஒருபோதும் கூடுதலாகச் சுற்றியதில்லை. அது நான் வீட்டில் இருக்கிற நாள். நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரியும் உங்களுக்கு.

கூப்பிட்டால் பேச வேண்டும். பேசினால் எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்பேன். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டதைச் சொல்ல வேண்டியிருக்கும். மீன் அதையெல்லாம் கேட்காது. அதனால் பட்டனை அழுத்தி அழுத்திக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் ஆளில்லாத வீட்டிலும் அழுத்திக்கொண்டே இருந்தீர்கள், யாராவது வருவார்களா என்று. அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிறகு அத்தை ஞாபகம் வந்தது. அழுகை நின்றுவிட்டது.

ஏங்குவது குற்றமில்லை. எனக்கும் ஏக்கம் இருக்கிறது, அதற்கு அழுத்த ஒரு பட்டன்தான் இல்லை. நத்தையைக்கூட விட்டுவிடுகிறேன். ஆனால் முதல் கடிதத்தில் தீனி எப்படிக் குறைகிறது என்று வாய்விட்டுக் கேட்டேன். அது உங்கள் கை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, "அம்மா போடறாங்களோ என்னமோ" என்று சொன்னீர்கள். பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்கிறவன்கூட நடந்ததைத்தான் காட்டிக்கொடுப்பான். நீங்கள் நடக்காததைச் சொல்லி மாட்டிவிட்டீர்கள். நான் பிளாஸ்திரி ஒட்டினதையும் பார்த்திருப்பீர்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினதையும் அந்தக் கேமரா காட்டியிருக்கும். அப்போதும் உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

காய்ச்சல் விட்டதும் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அத்தை காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பில்லம்மா. எனக்குத்தான் இல்லாத சத்தமெல்லாம் கேட்டிருக்கு. ரெண்டு வேளைதான் சுத்தும்னு அவனே சொல்லிட்டானே. நானே போட்டுட்டு மறந்துட்டேனோ என்னமோ" என்றார்.

நாத்தனார் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அத்தை இப்போதெல்லாம் அடுப்பைப் பற்றவைக்கப் பயப்படுகிறாராம். அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறாராம். குழாயில் தண்ணீர் சொட்டினால், "உனக்குக் கேக்குதா, எனக்கு மட்டும்தானா?" என்று பேத்தி பேரன்களைக் கேட்கிறாராம். மாத்திரை போட்டாயிற்றா என்று நாலு தடவை கேட்கிறாராம். நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, எனக்குப் புத்தி பிசகிக்கொண்டிருக்கிறது என்று அவரே நச்சரித்து, இந்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார்கள். அந்த மனுஷி! வீட்டில் நான் வைத்துவிட்டுத் தேடுகிற சாவியையும் கண்ணாடியையும் எங்கே வைத்தேன் என்று எனக்கே சொல்கிறவர். நம் இரண்டு பேர் ஞாபகத்தையும் சேர்த்தாலும் அவர் ஞாபகத்துக்கு ஈடாகாது. அவர் தன் காதையும் தன் புத்தியையும் சந்தேகப்பட்டுக்கொண்டு அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். காது கேட்டது சரி. புத்தி சரி. சரியில்லாதது பிள்ளை.

நான் உண்மையைச் சொன்னேன். அத்தை, உங்கள் பிள்ளைதான் அங்கிருந்து பட்டனை அழுத்தியிருக்கிறார் என்று விளக்கமாகச் சொன்னேன். நம்பவில்லை. "என்னைச் சமாதானப்படுத்தறதுக்காக அவன் மேல பழி போடாதம்மா. அவன் அப்படிப்பட்டவன் இல்ல. நான் சொல்றது சரின்னா அன்னிக்கே சொல்லியிருப்பானே" என்றார். அவர் தன் புத்தி கெட்டுவிட்டது என்று நம்பத் தயாராக இருக்கிறார், தன் மகன் பொய் சொன்னான் என்று நம்பத் தயாராக இல்லை.

இனி நத்தை விஷயம். பெட்டியில் இருந்த தீனியை முழுக்கக் கொட்டிவிட்டேன். நானே ஒரு வேளை, ஒரு சிட்டிகை, கையால் போடுகிறேன். கடைக்காரர் சொன்னது உண்மைதான், மிச்சம் விழவில்லை என்றால் நத்தையும் அடங்கும். கண்ணாடியில் இப்போதே வெளிச்சம் தெரிகிறது. கோடு போட்ட நத்தைகளுக்கும் வேலை குறைந்து உடம்பு இளைக்கிறது. பெட்டியின் மின்இணைப்பைப் பிடுங்கவில்லை. நீங்கள் அழுத்தினால் சுற்றும், ஒன்றும் விழாது. கேமராவையும் எடுக்கவில்லை. குட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், அவளை உட்காரவைத்துப் பேச வைக்கிறேன். சத்தத்துக்கு ஓடி வர அவள் என்ன மீனா?

கையெழுத்துப் போட்ட இரண்டு வருடத்தைப் பற்றி இப்போது சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அது என் வழக்கு, அதை நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன். எப்படியாவது ஒரு வாரமாவது வந்து சேருங்கள், அப்போது வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அத்தையின் வழக்கு காத்திருக்காது. வெள்ளிக்கிழமை அந்த டாக்டர் முன்னால் போய், எனக்குச் சத்தம் கேட்கிறது டாக்டர் என்று அவர் சொல்வதற்கு முன்னால், உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். அம்மா, பெட்டி சுற்றியது நிஜம், சுற்றவைத்தது நான், தெரிந்தே உன்மேல் போட்டேன் என்று. பூசி மெழுகாதீர்கள். 'ஒருவேளை', 'என்னமோ' எல்லாம் வேண்டாம். முதலில் நம்பமாட்டார், உங்களுக்காக வாதாடுவார். அழுதாலும் வைத்துவிடாதீர்கள். வேலைக்கு நேரமாச்சு என்று சொல்லாதீர்கள். அவர் நம்புகிறவரை திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் உங்களைத் திட்டினால், அந்தத் திட்டுதான் நம் வீட்டுக்கு இந்த வருடம் கிடைக்கிற பெரிய ஆசீர்வாதம்.

நாத்தனார் வீட்டில் அத்தை சீக்கிரம் படுத்துவிடுகிறார். அதற்குள் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்